நீல மூடி

"பேரப் போட்டுத் தேடாத வீப்கே. பேரப் போட்டா அந்தப் புரொஃபசர் ஒருத்தர்தான் வருவாரு."

"வந்துட்டாரு. முந்நூத்திப் பன்னெண்டு தடவ."

"சொன்னேன்ல. உங்கப்பா பேரப் போட்டியா?"

"போட்டேன். ஒண்ணுமில்லன்னு வருது."

தொலைபேசியில், அப்பாவோடு கிடங்கில் வேலை பார்த்த ஓன்னோ மூச்சுவிடுவது கேட்டது. "குழாய மூடுறவன் பேருக்கு அந்தக் கடல்மண் வலைத்தளத்துல கட்டமே கிடையாதும்மா. விஞ்ஞானி, கப்பல், ஆழம், அட்சரேகை. அவ்வளவுதான். நீ அட்சரேகையப் போடு. நமீபியாப் பக்கம். சுவத்துல உங்கப்பா ஒட்டி வச்சிருப்பாரு பாரு."

ஒட்டித்தான் வைத்திருந்தார். மேசைக்கு மேலே, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைப் பட்டியலுக்குப் பக்கத்தில், பென்சிலால் இரண்டு எண்கள். பதினோரு மணிக்கு அந்த மேசைக்காரரை, அப்பா ஹார்மை, அடக்கம் செய்ய வேண்டும். மணி எட்டரை. அடுப்படியில் அம்மா கெசீனா வெண்ணெய்க் கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பிக்குப் போகும், கல்லறைக்கு எதிரே இருக்கும் விடுதியின் சொந்தக்காரன் வெண்ணெய்க்குப் பதில் வேறு எதையோ தடவுகிறான் என்பது அவள் கட்சி. அப்படி ஒரு கேக்கைத் தின்றுவிட்டு ஹார்மை யாரும் வழியனுப்பக் கூடாது.

"புரொஃபசரும் வர்றாரு. நல்லா நாலு வார்த்த பேசுறேன்னிருக்காரு," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மூன்று நாளில் பத்தாவது முறை.

வீப்கே எண்களைத் தட்டினாள்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் அந்தக் கடலின் அடியிலிருந்து ஆறு மீட்டர் நீளத்துக்கு மண் எடுத்தார்கள். கப்பல் தளத்தில் அதை ஒரு மீட்டர் குழாய்களாக அறுத்து மூடியவர் அவளுடைய அப்பா. மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை. அந்த வேலையில் தெரிய வேண்டியது இவ்வளவுதான். கடலின் கதை கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்கிறது. மூடி மாறினால் கதையே தலைகீழ். நான்காவது குழாயைப் படித்த இளம் விஞ்ஞானி ஹில்மர்ஸ், கடல் திடீரென்று குளிர்ந்தது என்று எழுதிப் பெயர் வாங்கினார். மூன்று வருடம் கழித்து வேறொரு கப்பல் அதே இடத்தில் தோண்டியபோது, கடல் குளிரவில்லை, சூடாகியிருந்தது. ஹில்மர்ஸ் ஓர் அடிக்குறிப்பு எழுதினார்: கப்பல் பணியாளரின் மூடிப் பிழை.

அவர் புரொஃபசர் ஆனார். ஹார்ம் ஓல்ட்மன்ஸை அதற்குப் பிறகு எந்தக் கப்பலிலும் ஏற்றவில்லை. பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில், நான்கு டிகிரி குளிரில், மண்குழாய்க் கிடங்கில் போட்டார்கள். ஜூலை மாதத்திலும் அவர் கம்பளித் தொப்பியோடு வேலைக்குப் போவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். வீப்கேவுக்கு அப்போது பத்து வயது. அவர்களில் ஒருவனுடைய பல்லை உடைத்தாள். ஆனால் உடைக்க வேண்டிய பல் அது இல்லை என்று அவளுக்கு அன்றே தெரியும்.

"எத்தன வந்திருக்கு?" என்றான் ஓன்னோ.

"நாப்பத்தொண்ணு."

"வருஷத்தப் போட்டுக் கொற."

ஆறு வந்தது. அதில் ஒன்று அப்பாவின் கப்பல் எடுத்தது. நான்காவது குழாயின் பதிவைத் திறந்தாள். வெட்டறையில் குழாயைத் திறந்து நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியைக் கிள்ளிக் கிள்ளி ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள், மறுபாதியை யாரும் தொடாமல் வைப்பார்கள். தொடாத பாதியின் படம் திரையில் மெல்ல இறங்கியது. சாம்பல் பச்சை மண். மேலே நீல மூடி. கீழே, வெள்ளை மூடியை ஒட்டி, குழாயின் விளிம்பில், சாய்வாக இரண்டு கத்திக்கீறல்கள்.

வீப்கே படத்தைப் பெரிதாக்கினாள்.

அந்த இரண்டு கீறல் இல்லாத பொருள் இந்த வீட்டில் கிடையாது. மூடி கழன்று உருண்டுவிடும், கத்தி போட்டது போகாது என்பார் அப்பா. மூடுவதற்கு முன்னால் மேல்முனையில் இரண்டு கீறல். கட்டில் பலகையில், பெயின்ட் டப்பாவில், பறவைக் கூண்டில், அவளுடைய பள்ளிப் பென்சில்களில். "என் நெத்தியிலயும் ரெண்டு போடு, மறந்துடப்போற," என்று அம்மா கேலி செய்வாள்.

படத்துக்குக் கீழே குறிப்புக் கட்டம். எழுதிய தேதி பதினைந்து வருடங்களுக்கு முந்தையது. கிடங்கின் பழைய குழாய்களையெல்லாம் அப்பா படமெடுத்து ஏற்றிய வருடம்.

*மேல்முனைக் கீறல் வெள்ளை மூடிப் பக்கம் உள்ளது. தளத்தில் மூடியபோது சரியாக இருந்தது. வெட்டறையில் திறந்தபின் மூடிகள் இடம் மாறியுள்ளன. ஹா. ஓ.*

"ஓன்னோ, இது உனக்குத் தெரியுமா?"

"என்ன எழுதினாருன்னு தெரியாது. கேட்டேன். 'தேடுறவன் பாத்துக்குவான்'ன்னாரு. எவனும் தேடலபோல."

உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடத்தில் அது பதினைந்து வருடங்கள் இருந்திருக்கிறது. அவள் இரண்டு தாள்களில் அச்செடுத்தாள். ஒன்றில் படம், ஒன்றில் குறிப்பு. கறுப்புக் கோட்டின் உள்பைக்குள் வைத்தபோது தாள் இன்னும் சூடாக இருந்தது.

கல்லறையில் காற்று பலமாக அடித்தது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கிப் போனபோது, தலை எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. ஹில்மர்ஸ் முன்வரிசையில் நின்று அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு மண் போட்டாள்.

விடுதியில் காப்பி ஊற்றி முடிந்ததும் அவர் கரண்டியால் கோப்பையைத் தட்டி எழுந்தார். கிடங்கு ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஹார்ம் மாதிரி ஒழுங்கான ஆள நான் பாத்ததில்ல," என்றார். "ஒரே ஒரு தடவதான் சறுக்கினாரு. உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கததான். குழாய் கைக்கு வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குப் பொறுக்கல, விடியட்டும்னு இருக்க முடியல. வெட்டறச் சாவிய வாங்கிட்டுப் போயி, தனி ஆளா, என் கையாலயே அந்தக் குழாயத் தெறந்து பொளந்தேன். கடல் தல கீழா நின்னுட்டிருந்துதுன்னு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தினார். "மன்னிச்சிட்டோம் ஹார்ம். அங்க மேலயாவது மேல் பக்கம் எதுன்னு சரியாப் பாத்துக்கோ."

சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள், கைக்குட்டைக்குள்.

எழுந்து நின்று உரக்க வாசிப்பது என்றுதான் வீப்கே நினைத்திருந்தாள். அவர் பேச்சைக் கேட்ட பிறகு அதற்கு அவசியமில்லை என்று பட்டது. எஞ்சிய ஒன்றையும், வெட்டறையில் திறந்தது யார் என்பதையும், அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். மேசையைச் சுற்றிப் போய், அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தாள்களையும் வைத்தாள்.

ஹில்மர்ஸ் படத்தைப் பார்த்தார். பிறகு குறிப்பைப் பார்த்தார். கழுத்துப்பட்டிக்கு மேலே தோல் மெதுவாகச் சிவந்தது.

"இன்னைக்கு வேண்டாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அப்புறம் ஒருநாள் ஆபீசுக்கு வா, பேசலாம்."

"அப்புறம்னா எப்ப? நீங்க தேடிப் பாப்பீங்கன்னு அவரு பதினஞ்சு வருஷம் இருந்தாரு."

"கெசீனா முன்னால வேண்டாம்."

"என் முன்னால என்ன?" என்றாள் அம்மா. பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி, படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். மண்ணைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீல மூடி, வெள்ளை மூடி எதுவும் தெரியாது. விரல் நேராகக் கீழே போய் அந்த இரண்டு கீறல்கள்மேல் நின்றது.

"அட. ஹார்மோட வெட்டு."

தாளைத் திருப்பி, கீறல் மேலே வரும்படி அவர் முன்னால் வைத்து, மேசைவிரிப்போடு சேர்த்து நீவிவிட்டாள்.

"தல கீழா வச்சிருக்கீங்க புரொஃபசர். இதான் மேல் பக்கம்."

அவள் சத்தமாகப் பேசிப் பழகியவள். பக்கத்து மேசையில் ஒருவன் கேக்கை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தான். ஓன்னோ எழுந்து வந்து படத்தைக் குனிந்து பார்த்தான். கீழே போயிருந்த நீல மூடியைப் பார்த்தான். ஹில்மர்ஸின் கைகளைப் பார்த்தான். அங்கேயே நின்றுகொண்டான். இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

வீப்கே ஒரு நாற்காலியை இழுத்து, அவருடைய முகம் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தாள். ஒரு துண்டு வெண்ணெய்க் கேக்கை எடுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மா இரண்டாவது தாளை எடுத்தாள். கண்ணைச் சுருக்கினாள், அடியிலிருந்த இரண்டு எழுத்துகளை விரலால் தடவினாள். பிறகு அதை ஹில்மர்ஸின் கையில் வைத்தாள்.

"அவரு ஏதோ எழுதியிருக்காரு போல. என் கண்ணாடி அடுப்படியிலயே கெடக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீங்களே கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க, புரொஃபசர்."