முதுகுப் பக்கத்துச் சத்தம்

அந்தச் சலவை ஆலையில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். முப்பது வருஷம் பாய்லர் அறையில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர் அது. ஒரு வால்வு கால் சுற்று கழன்றிருந்தாலும் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஆவி அழுத்தம் காட்டும் முள் எந்த எண்ணில் நின்றாலும் சரி, ஆலையில் எல்லோரும் கடைசியில் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் ஆலைக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம்.

அந்தச் செவிதான் போய்விட்டது. பெயரைக் கொடுத்த பாய்லரே காதைப் பிடுங்கிக்கொண்டது. வீட்டில் மகள் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பினார். அவளும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தாள், பாய்லர் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், இஸ்திரி அறையில். ஒருநாள் அவள் பொறுமை இழந்து அழுதுவிட்டு, மறுநாள் காலையில் அவரைக் காது மெஷின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்தது. வருஷாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. காது மந்தம் என்று ஆலை டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும், பாய்லரை விட்டுவிட்டு வாசலில் லாரி நம்பர் எழுத உட்கார வேண்டியதுதான். அதற்குச் செத்துப்போகலாம் என்று அவர் நினைத்தார். மனுஷன் நினைப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? முடியைக் காது மறைய வளர்த்தார், மேலே ஒரு குல்லாவும் ஏறியது. ஆலையில் மகளைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

முதல் வாரம் உயிர் போயிற்று. பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. தன் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. குல்லா உரசினால் மெஷின் விசிலடித்தது. பாய்லர் அறையிலோ பர்னர், பம்ப், ஆவி எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் புகுந்து குடும்பம் நடத்தின. அந்த இரைச்சலில் மேலதிகாரி வந்து என்ன கேட்டாலும் அவருக்கு வாய் அசைவதுதான் தெரிந்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மகளிடம் சொல்லாமல் கடைக்குத் தனியாகப் போனார். மெஷின் பொருத்தும் பெண் பொறுமைசாலி. காதுக்குள் போகும் ரப்பர் மூடியைச் சின்ன அளவுக்கு மாற்றினாள். விசில் நின்றது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, அவர் குரலைப் பானையிலிருந்து வெளியே எடுத்தாள். பிறகு, சத்தமான இடத்துக்கென்று தனியாக ஓர் அமைப்பு வைத்துத் தருவதாகச் சொன்னாள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முன்னால் நிற்பவரின் பேச்சு மேலே வரும், பின்னாலிருந்து வருவதும், ஒரே சீராக இரைவதும் அடங்கிவிடும். இன்னொரு முறை அழுத்தினால் பழையபடி எல்லாம் கேட்கும்.

"என்ன வேலை பாக்குறீங்க ஐயா?" என்று கேட்டாள்.

வாயில் பாய்லர் என்று வந்துவிட்டது. ஆனால் இவள் சீட்டில் எழுதினால்? அந்தச் சீட்டு எப்படியாவது ஆலை டாக்டர் கைக்குப் போனால்? வாசலில் காவல் வேலை என்றார்.

"அங்க நீங்க கட்டாயம் கேட்டாகணும்னு ஏதாவது சத்தம் இருக்கா? மோட்டார், அலாரம் மாதிரி? இருந்தா சொல்லுங்க, அதை அடக்காம விட்டுடலாம்."

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. ஆளுங்க பேசுறது கேட்டா போதும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் சாவகாசமாக, சிரித்துக்கொண்டே கெட்டார். அவளும் பாவம், நல்லது நினைத்து ஒரு யோசனை சொல்லி அனுப்பினாள்: இரைச்சல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், பேசுகிறவர் முகம் முன்னால் இருக்கட்டும்.

மறுநாள் காலை அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். முப்பது வருஷமாக பாய்லரைப் பார்த்தபடி இருந்த நாற்காலி வாசலைப் பார்த்தது. பொத்தானை அழுத்தினார். யாரோ கதவைச் சாத்தின மாதிரி இரைச்சல் வெளியே போய்விட்டது. மேலதிகாரி வந்து நின்று பேசியது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வயசு குறைந்த மாதிரி அன்று அந்த அறைக்குள் நடந்தார். அதற்கப்புறம் ஆலையில் அந்த அமைப்பை அவர் மாற்றவே இல்லை.

பாய்லரில் அவருக்குத் துணையாக ஒருவன் உண்டு, டமாரம் என்று கூப்பிடுவார்கள். ஆலையில் ஊசி விழுந்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிற வாய். திருப்பிப் போட்ட நாற்காலியைப் பார்த்துவிட்டு, அண்ணன் இனிமேல் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை, முதுகாலேயே பாய்லரை ஓட்டுகிறார் என்று இஸ்திரி அறைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே, ஆவிக் குழாய் போகிறது. ஆள் தொடை கனம், மேலே வெப்பம் காக்கும் பஞ்சும் துணியும் சுற்றியது. சுவரைத் துளைத்து இஸ்திரி அறைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மூட்டு. அந்த வாரக் கடைசியில் மூட்டின் மேல் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மழை பெய்திருந்தது, கூரை ஒழுகுகிறது என்று நினைத்தார். மழை நின்று நான்கு நாளாயிற்று. ஈரம் ஒரு தட்டு அளவுக்கு ஆயிற்று. கூரையைப் பார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி பேப்பரை மடித்து வைத்தார்.

அந்த நாட்களில் பாய்லர் அறைக்கு வருகிறவர்கள் வாசலில் ஒரு நொடி தயங்கினார்கள். குழாயை அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். அவர் என்ன என்பது போல் புருவத்தைத் தூக்குவார். ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தன் காதைத்தான் பார்க்கிறார்கள் என்று பயந்து அவர் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்த அமைப்பை வைத்துக் கொடுத்ததிலிருந்து பதினைந்தாம் நாள் மறுபடி வந்து காட்டச் சொல்லியிருந்தாள் கடைப் பெண். கடை ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். முற்பகலில் டமாரத்தை உட்கார வைத்துவிட்டுப் போனார். அவள் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, சத்தமான இடத்து அமைப்பைப் போட்டு, கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள். முன்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது, தூக்கினார். ஒரு மணி அடித்தது, தூக்கினார். பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் முகம் மலர்ந்தது.

"அருமையா வேலை செய்யுது ஐயா. ஒரு நிமிஷமா உங்களுக்குப் பின்னால ஸ்ஸ்ஸுன்னு ஓடிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்ல பாருங்க."

"என்ன சத்தம்மா?"

"குக்கர்லருந்து ஆவி வர்ற மாதிரி."

அவர் பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க அது இருந்தது. கழுத்துக்குப் பின்னாலேயே, காதோடு ஒட்டிக்கொண்டு, விடாமல் இருந்தது. தட்டு அளவு ஈரம் ஞாபகம் வந்தது. அந்த மூட்டுக்கு நேர் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், மகளுடைய மேசை.

கடையிலிருந்தே பாய்லர் அறைக்குப் போன் போட்டார், அந்த இரைச்சலில் மணி யாருக்குக் கேட்கும்? ஓடினார். வயசும் மூட்டு வலியும் அன்றைக்கு எங்கே போயினவோ. ஆலை வாசலைத் தாண்டும்போதே அது கேட்டது, மெஷின் வழியாக, ஊசி மாதிரி. பத்து நாளாகத் தன் தலைக்கு மேலே இருந்த சத்தத்தை அவர் முதல் தடவையாகக் கேட்டார். மூட்டுக்குள் ஆவி கசியாமல் அடைத்திருக்கும் பேக்கிங் கிழிந்துகொண்டிருக்கிறது, இனிமேல் அதற்கு நேரமில்லை என்று அந்த ஓசையே சொன்னது. முப்பது வருஷ அனுபவம் பொய் சொல்லாது.

இஸ்திரி அறைக் கதவில் இருந்த அபாய மணியை அடித்து, எல்லோரும் முற்றத்துக்குப் போங்கள் என்று கத்தினார். பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை, சொன்னது பாம்புச்செவி அல்லவா. மகள் கண்ணில் பட்டு வெளியே போகும்வரை நின்றார். பிறகு பாய்லர் அறை வாசலுக்கு ஓடி, பர்னரை நிறுத்தச் சொன்னார். டமாரம் நிறுத்திவிட்டு, வால்வை மூடக் குழாய்ப் பக்கம் திரும்பினான். அவர் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். இருவரும் முற்றத்துக்கு வந்து பத்து அடி நடந்திருப்பார்கள், மூட்டு விட்டது.

இஸ்திரி அறை ஜன்னல்கள் வெள்ளையாயின. உள்ளே எதுவும் தெரியவில்லை. ஆவி கொஞ்சம் விலகி ஒருவழியாக எட்டிப் பார்த்தபோது, சுவரோரம் மகளின் பிளாஸ்டிக் நாற்காலி கால் வளைந்து தரையில் சரிந்துகிடந்தது.

முற்றத்தில் டமாரத்துக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. அந்தச் சத்தத்தைப் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தானாம். சொல்லலாம் என்று வாய்வரை வந்ததாம், ஆனால் அண்ணனே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது தனக்கென்ன என்று விட்டுவிட்டானாம். அவன் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான். பெண்களும் ஒவ்வொருத்தியாக ஆமாம் என்றார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அவர் குல்லாவைக் கழற்றினார். முடியை ஒதுக்கி, இரண்டு காதையும் காட்டினார். எனக்குக் காது கேட்காது என்றும், எட்டு மாதமாகவே கேட்காது என்றும், கடையில் பொய் சொல்லி அந்தச் சத்தத்தை நானே அடக்கச் சொன்னேன் என்றும் சொன்னார். மேலதிகாரியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மகள் மட்டும் கிட்டே வந்தாள்.

"உனக்கும் கேட்டுச்சாம்மா?" என்றார்.

"மொத நாளே கேட்டுச்சுப்பா. மத்தவங்கல்லாம் பயந்துபோய் மேசையத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க. நான் நகத்தல. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது எங்கப்பா, இப்ப அவருக்கு மெஷினும் இருக்குன்னு அவங்ககிட்டச் சொல்ல முடியல. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

உள்ளே ஆவி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். அவருக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது.