தகரத்துக்குப் பின்னால் ராஜேஷ்குமார்

மோகனப்ரியாவின் பயந்த குரலுக்கு அந்த லைன் வீட்டில் மயங்காதவர் கிடையாது. அந்தக் குரலை வைத்துத்தான் அவளும் புருஷன் ராஜேஷ்குமாரும் பேய்க்கதைகளை ஒலி நாடகமாக்கி, 'குடும்பத்தோடு கேளுங்கள்' என்று யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விருதுநகரிலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த ஜோடி. கம்பெனி நேரம் போக மிச்ச நேரத்தில் பேய் வளர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏற்றுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே போட்டுக் கேட்பார்கள். வீட்டுக்காரம்மா சாந்தம்மா, அவள் புருஷன் திம்மராயன், மகள் அனுப்ரியா மூவரும் பாயில் வந்து உட்காருவார்கள். பேயெல்லாம் பொய் என்பாள் சாந்தம்மா. ஆனால் ஓரத்தில் உட்கார மாட்டாள். நடுவில்தான் இடம் பிடிப்பாள்.

சில சத்தங்களை மட்டும் ராஜேஷ்குமார் பின்கட்டில் நின்று நேரிலேயே போடுவான். அது சானமாவுக் காட்டைப் பார்த்த பக்கம். தகரத்தை ஆட்டினால் இடி, காய்ந்த ராகித் தாளை மிதித்தால் பேயின் நடை. எது எப்போது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே? மோகனப்ரியா தன் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டு, அந்தப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிடுவாள். அவன் இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொள்வான். அப்புறம் நாடகத்தைத் தவிர வேறெதுவும் அவன் காதில் விழாது.

அன்றைக்குக் கதை, மூடிப்போன கல்குவாரியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் பேய். விளக்கை அணைத்துப் பாதிக் கதை ஓடியிருக்கும். தூரத்தில் மைக் குரல் கேட்டது. "காட்டு யானை நடமாட்டம் இருக்கிறது, வெளியே வராதீர்கள்." அதையே கன்னடத்திலும் சொன்னது.

"மறுபடியும் அதே ஜீப்பா?" என்று சிரித்தார் திம்மராயன். "போன வாரம் போட்டதைத்தானே போடறீங்க? புதுசா ஒண்ணும் கிடைக்கலியா?"

போன வாரக் கதையில் வனத்துறை ஜீப்பின் அறிவிப்பைப் பதிவுசெய்து சேர்த்தது உண்மைதான். இந்தக் கதையில் சேர்க்கவில்லை. வெட்டி ஒட்டியவள் மோகனப்ரியா, அவளுக்குத் தெரியாதா? இது நிஜ ஜீப்.

பின்னால் ராகித் தாள் சரசரவென்று நொறுங்கியது.

"அங்கிள் சூப்பரா மிதிக்கறாரு!" என்றாள் அனுப்ரியா.

கதையில் அந்த இடத்தில் பேய் நடக்கவே இல்லை. மோகனப்ரியா எழுந்தாள். சாந்தம்மா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்தும்மா. நீ எந்திரிச்சா எங்களுக்கு பயமா இருக்குது."

"அக்கா, நிஜமாவே யானை வந்திருக்கு. அவரு வெளிய நிக்கிறாரு." குரல் நடுங்கியது. அழகாக, வழக்கம்போல.

"பாத்தியா, இன்னும் கதையிலயே இருக்குது பொண்ணு!" என்று தொடையைத் தட்டினார் திம்மராயன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சன்னல் இடுக்கில் கண் வைத்தாள். மங்கிய வெளிச்சத்தில் ராகித் தாள் போர். அதற்கு அந்தப்பக்கம், போரைவிட உயரமாக ஒரு கறுப்பு அசைந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகரத்தை இரு கையிலும் பிடித்தபடி, இடிக்குத் தயாராகக் குந்தியிருந்தான் ராஜேஷ்குமார்.

"என்னங்க... பின்னால யானை... உள்ள வந்துருங்க..."

"ஏ புள்ள, இந்தக் குரலை ரெக்கார்டிங்ல ஏன் குடுக்கல? இன்னொரு தடவ சொல்லு." போனில் சிரித்தான்.

குவாரிப் பேய் சிரித்ததும் அடுத்தது இடி. தகரம் அதிர்ந்தால் அந்தக் கறுப்பு சும்மா நிற்குமா? நாடகத்தை நிறுத்தினாலோ, "கரண்ட் போச்சா?" என்று அங்கிருந்தே கத்துவான். கத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சத்தம் போட்டுவிடுமோ என்று பின்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொடவும் பயமாக இருந்தது. தெருவையே நடுங்க வைத்த அவளுடைய பயம், அவனிடம் மட்டும் செல்லாக்காசாகிவிட்டது.

பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் சலிப்பை எங்கிருந்தோ இழுத்து வந்தாள்.

"என்னங்க, உங்க சூப்பர்வைசர் வாசல்ல வந்து நிக்கிறாரு. வயித்துவலின்னு இன்னிக்கு ஓ.டி.க்கு மட்டம் போட்டீங்கள்ல, பாக்க வந்திருக்காரு. தகரத்தை சத்தம் வராம கீழ வச்சுட்டு சந்து வழியா வாங்க. இந்தக் கூத்தெல்லாம் அவருக்குத் தெரிய வேணாம்."

சிரிப்பு நின்றது. யானைக்கு அசையாத மனுஷன், தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலத் தகரத்தைத் தரையில் வைத்தான். குனிந்து, சுவரோடு சுவராகப் பூனை நடை நடந்தான். கறுப்பு ஒருமுறை காதை விசிறியது. மோகனப்ரியா சன்னலை விட்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

முன்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வலியை வரவழைத்தபடி அவன் வந்தான்.

"எங்க அவரு?"

சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஸ்பீக்கரில் பேய் சிரித்து முடித்தது. இடி விழவேண்டிய இடம் வெறுமையாக ஓடியது. அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம். தகரம் மெல்ல மெல்ல நசுங்கி, கிறீச்சிட்டு, மடங்கியது. கூடவே ஒரு பெருமூச்சு, பஸ் நின்றதும் காற்று இறங்குமே, அப்படி.

யாரும் கைதட்டவில்லை.

"இது ஆட்டற சத்தம் இல்லியே," என்றார் திம்மராயன், வாய்க்குள்ளேயே. அனுப்ரியா ஸ்பீக்கரை அணைத்தாள். சாந்தம்மா இருட்டில் துழாவி மோகனப்ரியாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

மோகனப்ரியா அலற வாயைத் திறந்தாள். ஊர் கேட்ட அந்தக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. ராஜேஷ்குமார் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் பின்சுவரையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலரை அவள் விடவே இல்லை.