உதட்டுக்கு ஆகாத சிவப்பு

அக்கா கிளம்பிப் போய் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கிண்ணங்களைக் கழுவிவிட்டு, சிவப்புப் பொடிக் குப்பியை அலமாரியில் வைக்கப் போன சோப்புக்காரி எதேச்சையாக அதன் அடியைப் பார்த்தாள். பென்சிலால் எழுதியிருந்தது அவள் கையெழுத்து இல்லை. மாடி வீட்டு ஓவியருடையது.

அலமாரியில் தேடினாள்; அவளுடைய குப்பி எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

சோப்புக்காரி என்பது அக்கா வைத்த பெயர். வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவள், அதற்கான நிறத்தையும் தானே செய்துகொள்வாள். மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைத்த சாற்றில் படிகாரத்தைக் கரைத்து, சலவைச் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், பொங்கி அடங்கி, சாயம் வண்டலாக அடியில் இறங்கும். அதை அலசிக் காயவைத்து அரைத்தால் லேக் நிறமி. தண்ணீரில் கரையாது. ஓவியரும் தன் படங்களுக்கு அதே வேரில்தான் லேக் செய்வார். சோப்பில் போட்டுப் பார்க்கச் சொல்லிப் போன வாரம் ஒரு குப்பி கொடுத்திருந்தார். அதே அளவு குப்பி, அதே சிவப்பு.

நீண்ட சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்கு இன்று முதல் நேர்காணல். "வெளிறிப்போன உதட்டோட நின்னா பாவம் பார்த்தே அனுப்பிடுவாங்கடி. கடைச் சாயம் போட்டா தோல் உரியுது. நீயே ஏதாவது பண்ணிக் கொடு" என்று கேட்டிருந்தாள். காலையில் மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, அவசரத்தில் கைக்கு வந்த குப்பியிலிருந்து பொடியைக் கலந்துவிட்டாள் தங்கை.

அக்காவின் போன் அணைந்திருந்தது. மாடிக்கு ஓடினாள்.

"பளிச்சுனு வரணும்னு அதுல தகர உப்பு சேர்த்திருக்கேனேம்மா," என்றார் ஓவியர். "படத்துக்குச் சரி. வாயில வைக்கறதுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

பஸ் ஊர்ந்தது. உதடு வீங்கிய அக்கா, மூச்சுத் திணறும் அக்கா என்று மனம் விதவிதமாகக் காட்டியது. நேர்காணல் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக் காத்திருப்பு அறையில், மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள் அக்கா. ஒரு வருடத்தில் அந்த முகம் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை.

"அக்கா, உதட்டைத் துடை."

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"குப்பி மாறிப்போச்சு. முதல்ல துடை, அப்புறம் சொல்றேன்."

கைப்பையில் கொண்டுவந்திருந்த எண்ணெயைத் தொட்டுத் தங்கையே தேய்த்துத் துடைத்தாள். "எரியுதா?"

"நீ தேய்க்கறதுலதான் எரியுது."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். வெளிறிய உதட்டோடு எழுந்து போனாள் அக்கா. நாற்பது நிமிடம். தங்கையால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

வெளியே வந்த அக்கா சொன்னாள்: "ஒரு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. மறைக்கத்தான் உதட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்கலையே நீ. நடந்ததைச் சொல்லிட்டேன்."

அங்கிருந்து நேராக மருத்துவரிடம் போனார்கள். இரண்டு நாள் கவனிக்கச் சொன்னார் அவர். அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் போன் செய்து அக்காவின் உயிரை வாங்கினாள் தங்கை. வீக்கமும் இல்லை, தடிப்பும் இல்லை.

மூன்றாம் நாள் அக்காவே கூப்பிட்டாள். வேலை கிடைத்திருந்தது. "திங்கக்கிழமை சேரணும். உன் பொடியிலயே ஒண்ணு பண்ணித் தர்றியா?"

அலமாரியில் இருந்த இரண்டு சிவப்புக் குப்பிகளையும் பார்த்தாள் சோப்புக்காரி. "இப்போதைக்கு வெறும் மெழுகுதான் தருவேன்க்கா," என்றாள்.