எபிசு சாமி எடுத்த சீட்டு

படகுகள் வகாமே என்ற கடற்பாசியோடு கரை சேர்ந்தபோது கொட்டகை அண்டாவில் கடல்நீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஹிசாயே கைகளைத் தேய்த்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து முந்தின நாள் பாசியின் தண்டை உரித்துக்கொண்டிருந்தோம்.

கூட்டுறவுச் சங்கத் தலைவர் தொகுஜி, ஒல்லியான தன் மருமகள் மயூமியை அழைத்துக்கொண்டு வந்தார்.

"ஹிசாயே, இன்னைக்கு மட்டும் அந்த உப்பு மூட்டைக்குப் பின்னாடி உக்காந்துக்க. அண்டாகிட்ட மயூமி நிக்கட்டும்."

"ஏன் அண்ணே?"

"மாத்திரைக் கம்பெனியிலேர்ந்து படம் எடுக்க வர்றாங்க. பாசியில இருக்கற பழுப்பு நிறச் சத்து உடம்புக் கொழுப்பைக் குறைக்குதாம். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. அந்தப் படத்துல நீ நின்னா..."

"நின்னா?"

"மாத்திரையை யாரு வாங்குவா?"

எல்லாரும் சிரித்தோம். ஹிசாயேயும் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறந்ததுலேர்ந்து நானும் இதைத்தான் திங்கறேன். நான் எலி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நகர மாட்டேன் அண்ணே. புத்தாண்டுக்கு எபிசு சாமி முன்னாடி சீட்டு எடுத்தப்ப என் பேருதான் வந்துச்சு. சாமி என்ன தராசு வெச்சா சீட்டு எடுத்தாரு?"

எபிசு எங்கள் மீனவர் சாமி. எங்கள் ஊரில் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர்தான் அறுவடை முடியும்வரை அண்டாவைப் பார்க்க வேண்டும். அன்றன்று அண்டாவில் முதலில் முக்கியெடுக்கும் பாசி சாமி மாடத்துக்கு. அடுத்தது கொட்டகைக்குப் புதிதாக வந்தவருக்கு.

"வியாபாரம் கெட்டா ஊரே உன்னைத் திட்டும்," என்றார் தொகுஜி.

"திட்டட்டும். ஒளிஞ்சு உக்காந்து வர்ற வியாபாரம் எனக்கு வேணாம்."

மயூமி எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்து தண்டு உரிக்கத் தொடங்கினாள்.

கம்பெனிப் பெண் காமிராவோடு வந்தாள். பெயர் மிசுஹாரா. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது. ஹிசாயே பழுப்புப் பாசியை முக்கினாள். கண் எதிரே பச்சையானது. ஒரு பிடி மாடத்துக்குப் போயிற்று. அடுத்த பிடியைக் கிண்ணத்தில் இட்டு, சோயா சாறு ஊற்றி, மிசுஹாராவிடம் நீட்டினாள்.

"காலையில சாப்பிட்டியாம்மா?"

"இல்லைங்க. நான் இளைக்கணும். எங்க கம்பெனியில எல்லாரும் ஒல்லி."

ஹிசாயே தன் மதியச் சோற்று உருண்டையைப் பிரித்து அவள் கையில் வைத்தாள். "முதல்ல இதைத் தின்னு. நிசமாவே கொழுப்பு குறையுமா?"

மிசுஹாரா வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள்: "எலிக்குக் குறைஞ்சுது. மனுஷங்ககிட்ட இன்னும் சின்னச் சோதனைங்கதான். சிலருக்குக் குறையலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்ப குறையாதவ படமும் வேணுமில்ல? எடு. முழுசா எடு."

தொகுஜி இருமினார். மிசுஹாரா சிரித்துவிட்டாள், ஆவிக்கு நடுவே ஹிசாயேயை முழுதாகவே எடுத்தாள்.

"இதைக் கம்பெனி போடாதுங்க. வெறும் பாசியை எடுத்துக் குடுத்துடறேன், அது போதும்."

"அது உன் இஷ்டம். நான் என் எடத்துல நின்னேன்."

தொகுஜி உம்மென்று மூலையில் நின்றார். ஹிசாயே அவருக்கும் ஒரு கிண்ணம் நிரப்பினாள்.

"வாங்கண்ணே. ஆறிடும்."

கொண்டுபோய்க் கொடுக்கவில்லை; அண்டாவின் பக்கத்திலேயே நின்று நீட்டினாள். தொகுஜிதான் நடந்து வந்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.