வெயிலை விடாத கரடி

கரடி வெயிலில் படுத்திருந்தது. ஜெஞ்சாரோமில் மத்தியானம் ஒரு மணி. நாய்கள்கூட லோரிக்கு அடியில் போய்விட்டிருந்தன. கூண்டின் பின்பாதியில் நல்ல நிழல் இருந்தது. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான். கரடி இந்தப் பக்கம், கொதிக்கிற சிமெண்டில் வயிற்றை ஒட்டவைத்துக் கிடந்தது. முதுகிலும் தொடைகளிலும் முடி இல்லை. சாம்பல் நிறத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

யூனுஸ் அண்ணனுடைய சாப்பாட்டுக் கடையின் பின்கட்டு அது. முன்னால் ரொட்டி சானாய், மீன் தலைக் கறி. பின்னால் இரண்டு குரங்கு, ஒரு முதலை, இந்தக் கரடி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். நானும் வருவேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஹோண்டாவை எடுத்தால் எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். ஏழு மாதமாக இங்கே நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"போத்தாக்! போத்தாக்!" என்று பிள்ளைகள் கத்தின. மொட்டை, மொட்டை. ஒருவன் வேர்க்கடலைத் தோலை எறிந்தான். அது தோளில் விழுந்தது. கரடி கண்ணைத் திறக்கவில்லை.

"சரியான சோம்பேறி தம்பி இது" என்றார் நாகையா. தீனி போடுகிறவர். "ரெண்டு வாழப்பழம் தின்னும், தூங்கும். தின்கிறது கொஞ்சம், உடம்பு பாருங்க எப்படி ஊதிருக்கு. நெழலுக்குத் தள்ளி விட்டா திரும்ப வந்து வெயில்லயே படுத்துக்கும். பைத்தியம் லா."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

என் மனைவி சிவமலர் சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் மாடியில், சுவர் சுடுகிற வீட்டில். நான் விசிறியைப் போடுவேன். அவள் எழுந்துபோய் நிறுத்துவாள். நான் மறுபடி போடுவேன். சீப்பில் கொத்தாக முடி வந்தது. முகம் உப்பியது. பேச்சு மெதுவானது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முடிப்பதற்குள் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். சோம்பல் என்றார் அவளுடைய அம்மா. கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். நான் லேக் கார்டனில் நடக்கச் சொன்னேன்.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறவன். பட்டம் வாங்கியவன். வியாழக்கிழமைதோறும் தைராய்டு சோதனை ரத்தங்களைச் சேர்த்து மெஷினில் ஓட்டுவது என் பொறுப்பு. வாரத்துக்கு நாற்பது பேருடைய ரத்தம். அவளுடைய ரத்தம் என் மேசைக்கு வந்தபோது அவள் வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். பதினொன்று என்று வந்தது. குறைந்தது அறுபது இருக்க வேண்டும். நானே என் கையால் ரெஜிஸ்டரில் எழுதினேன். நான்காம் நாள் முடிந்துவிட்டது. வார்டில் வாங்கிவரச் சொன்ன மாத்திரைப் புட்டி அலமாரியில் இருக்கிறது. நூறில் மூன்றுதான் செலவு.

"சொறின்னு நெனைச்சு சாப்பிட வர்றவங்க பயப்படுறாங்க" என்று நாகையா சொல்லிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை முடிச்சிடுவாங்க. எஸ்டேட்ல பன்னி சுடுற தம்புகிட்ட boss சொல்லிட்டாரு."

"அதுக்கு என்ன பிடிக்கும்ணே?"

"டின் பாலு. ஏன்?"

"புதன்கிழமை வரேன். ஒரு டின் திறந்து வைங்க."

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். நாகையா கம்பிக்கு வெளியே கரண்டியில் பாலைக் காட்டினார். கரடி வெகுநேரம் யோசித்து முன்னங்காலை வெளியே நீட்டியது. அப்போதுதான் அதன் நெஞ்சைப் பார்த்தேன். மஞ்சள் பிறைக் குறி மட்டும் முடியோடு அப்படியே இருந்தது. நகம் ஒவ்வொன்றும் என் விரல் நீளம்.

"வெரல் போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"பத்து இருக்குண்ணே."

நாகையா சிரித்தார். காலில் முடி இல்லாததால் நரம்பு தெரிந்தது. ஊசி ஏறியபோது கரடி பாலை நக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தது. பிறகு மறுபடி நக்கியது.

எங்கள் லேபில் சீட்டு இல்லாத ரத்தத்தை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. நோயாளியின் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர், வார்டு. மூன்றும் வேண்டும். மூன்றையும் எழுதினேன். யோசித்து எழுதவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன். அடித்துத் திருத்தவில்லை.

மறுநாள் காலை தங்கமணி அக்கா சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். லேப் அவருடைய பொறுப்பு. சிவமலருக்கு லேபின் சார்பில் மலர் வளையம் கொண்டுவந்தவர்.

"ரத்தினம். இது என்ன?"

"ரத்தம்க்கா."

"யாரோடது?"

"கரடியோடது."

அவர் கதவைச் சாத்தினார். "ஒனக்கு லீவு வேணுமாப்பா? நான் எழுதித் தரேன்."

"லீவு வேணாம். ரிசல்ட் வேணும்."

"மேல தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? நான் இதைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

"கிழிங்க. இன்னொன்னு எழுதுவேன். அதே பேருதான்."

"கரடிக்கு எவ்வளவு இருக்கணும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. செர்டாங்ல ஒரு மாட்டு டாக்டருக்கு போன் பண்ணேன். அவருக்கும் தெரியல. நாய்க்கே இருபது வேணும்னாரு. மாத்திரை அளவு சொன்னாரு. அது நெழலை விட்டு வெளியிலயே ஒரு மாசமா வெயில் காயுதுக்கா. கொதிக்கிற சிமெண்டுல. எல்லாரும் சோம்பேறிங்கிறாங்க."

 அவர் அந்தச் சீட்டை அடுக்கின் அடியில் வைத்தார். சாயங்காலம் முடிவு வந்தது. ஒன்பது. கீழே கையெழுத்துப் போட்டவர் அவர்தான். என்னிடம் நீட்டினார்.

சனிக்கிழமை நான் போனபோது தம்பு வந்துவிட்டிருந்தார். துப்பாக்கியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கரடி வெயிலில் கிடந்தது. நான் ஹோண்டாவைக் கூண்டின் முன்னால் குறுக்காக நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

யூனுஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன தம்பி, வண்டியை இங்க போட்டுட்டீங்க?"

காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"ஒன்பது. ஒன்பதுன்னா என்ன?"

"தொண்டையில ஒரு சுரப்பி வேலை செய்யலண்ணே. உடம்பு சூடு பிடிக்காது. முடி கொட்டும். சொறி இல்ல. யாருக்கும் ஒட்டாது. மாத்திரை இருக்கு."

"சிவமலர்ங்கிறது யாரு?"

"கரடி."

நாகையா வாளியைக் கீழே வைத்தார். "boss, அது தவறிப்போன அவரு வீட்டுக்காரம்மா பேரு. என்கிட்ட சொல்லிருக்காரு" என்றார் தணிந்த குரலில்.

யூனுஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மௌத்தானவங்க பேரையா தம்பி மிருகத்துக்குப் போடுறது?"

"அவளுக்கு எழுத வேண்டிய நேரத்துல நான் எழுதலண்ணே. இதுக்கு எழுதியிருக்கேன்."

"நல்ல மனசுதான் ஒங்களுக்கு. ஆனா நான் கடை நடத்தணும்ல?"

"ஆறு வாரம் குடுங்க."

"முடி மொளைக்கலன்னா?"

"அப்ப சுடுங்க. இன்னிக்குச் சுடணும்னா என் வண்டியை நகத்தணும். நான் நகத்த மாட்டேன்."

"Boss" என்றார் தம்பு, "சுடணுமா வேணாமா? எஸ்டேட்ல வேலை கெடக்கு."

 முன்னால் யாரோ மீன் தலைக் கறி கேட்டுக் கூப்பிட்டார்கள். யூனுஸ் அண்ணன் காகிதத்தை மடித்தார். திருப்பித் தருவார் என்று நினைத்தேன். தன் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். தம்பு துணியைப் பிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தூணில் சாத்திவிட்டு டீ சொன்னார்.

புட்டியைத் திறந்தேன். டாக்டர் சொன்ன கணக்கில் மாத்திரைகளை எண்ணி, நாகையாவின் கரண்டியால் நசுக்கி, டின் பாலில் குழைத்தேன். கரண்டி வேண்டாம் என்று தோன்றியது. உள்ளங்கையில் ஊற்றிக் கம்பிக்குள் நீட்டினேன்.

"தம்பி, கை!" என்றார் நாகையா.

கரடி எழுந்தது. முன்கால், பிறகு பின்கால், இடையில் மூச்சு. நான் அவசரப்படுத்தவில்லை. அந்த வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். பால் விரலிடுக்கில் ஒழுகியது. நீண்ட நாக்கு வெளியே வந்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, ஒரு சொட்டு விடாமல் துடைத்தது.

நாக்கு குளிர்ந்திருந்தது. கையை நான் எடுக்கவில்லை.