தண்ணீருக்கு மட்டும்

1

நேற்று வெடிக்கவில்லை என்றால் இன்றும் வெடிக்காதா?

இது என் கதையின் நாயகி மனதுக்குள் நினைத்தது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

கதை ஒரு கடையில் பிறந்தது. வீட்டுத் தொட்டிக்கு பம்பு வாங்கப் போனேன். பெட்டியின் மேல் 'தண்ணீருக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது.

"மட்டும்னு எதுக்குப் போட்டிருக்கு?"

"எதையாவது விட்டுப் பாக்கற ஆளுங்க இருக்காங்களேம்மா" என்றார் கடைக்காரர்.

அந்த ஆளைத் தேடித்தான் கதைக்குள் ஒரு படகுக்கு வந்தேன்.

2

பன்னிரண்டு பேர் ஏறும் சுற்றுலாப் படகு. அவள் அதன் மெக்கானிக். படகு அக்கா புருஷனுடையது. வேறு யாரும் ஒரு பெண்ணை நம்பி இன்ஜினைக் கொடுக்காதபோது கொடுத்தவர். (முதலில் அவரை முரடராக எழுதி, பிறகு அந்த வரிகளை அடித்துவிட்டேன். நல்லவர்கள் கேட்கும்போதுதான் மறுக்க நாக்கு எழாது.)

பீப்பாயிலிருக்கும் பெட்ரோல் டேங்குக்குப் போக வேண்டும். அதற்கென்று இருப்பது கைப்பம்பு. நாற்பது நிமிடம் பிடிக்கும். அத்தான் கையிலோ படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற மின்சார பம்பு. ஐந்தே நிமிடம். கரையில் பயணிகள் கடிகாரம் பார்க்கிறார்கள்.

"ரெண்டு கிளிப்பையும் பேட்டரியில மாட்டு, போதும். நேத்து நானேதான் இதுல பெட்ரோலை மாத்தினேன். என்ன ஆயிடுச்சு?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அத்தான்."

"சொன்னா இஞ்சினியரம்மா கிளாஸ் எடுப்பீங்களே."

(எடுக்க வேண்டிய கிளாஸ் சிறியதுதான். இந்த மோட்டாருக்குள் பொறி பறக்கும். தண்ணீருக்கு அது பொருட்டில்லை. பெட்ரோல் ஆவியோ மேலே போகாமல் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு பொறி போதும்.)

3

முதல் முடிவு: அவள் கிளிப்பை மாட்டினாள். நீலமாக ஒரு...

வேண்டாம். வெடித்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.

இரண்டாவது: மாட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. நாளையும் மாட்டுவாள். இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

இரண்டுக்கும் அவள் 'சரி' சொல்ல வேண்டும். மூன்று நாட்களாக அந்த ஒரு சொல்லை அவள் வாயில் திணித்துப் பார்க்கிறேன். எனக்கு அது சுலபமாக வரும். பிடிக்காதவற்றுக்கெல்லாம் சொல்லியே பழகியவள் நான். அவளுக்கு வரவில்லை.

4

பீப்பாயின் மூடி இன்னும் திறக்கவில்லை. அவள் அத்தான் கையிலிருந்த பம்பை வாங்கினாள். ஒயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கைப்பம்பை எடுத்துவந்தாள்.

"இருபது நிமிஷம் நீங்க, இருபது நிமிஷம் நான்."

"அதுக்குள்ள அவங்க பக்கத்துப் படகுல ஏறிட்டா?"

"ஏறட்டும்."

"உங்க அக்காகூட என்னை இப்படி நிக்க வச்சதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு தடவைம்மா. எனக்காக."

பயணிகள் காத்திருந்தார்களா, நாளைக்கு அவளுக்கு வேலை இருந்ததா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இவ்வளவுதான் தெரியும். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"உங்களுக்காகவும் மாட்ட மாட்டேன், அத்தான்."