நஞ்சம்மா வைத்த பத்தியம்

எங்கள் கடையில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் உண்டு. அதெல்லாம் எந்தக் கடையில்தான் இல்லை? ஓசூர் கடைவீதியில் மற்ற கடைகளைத் தாண்டி ஜனங்கள் எங்களைத் தேடி வந்தது அடுப்பே வேண்டாத சரக்குக்காக. பொட்டுக்கடலை, அச்சு வெல்லம், கெட்டி அவல், வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை, பாயில் கட்டி வரும் பேரீச்சம்பழம். எல்லாவற்றுக்கும் மேலே என் கையால் செய்கிற ராகிப் பொரிமாவு. ராகியைப் பொரித்துத் திரித்து ஏலக்காய் தட்டிப் போட்டு வைத்திருப்பேன். ஒரு துண்டு வெல்லத்தோடு தண்ணீர் தெளித்துப் பிசைந்து சாப்பிட்டால் அடுத்த வேளைவரை பசி எட்டிப் பார்க்காது. பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வண்டிக்காரர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், சமைக்கச் சோம்பல்படுகிறவர்கள், எல்லோருக்கும் அதுதான் கைகொடுத்தது.

என் வீட்டுக்காரர் வெங்கடசாமி கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். பேச்செல்லாம் என்னுடையது. சரோஜம்மாளுக்கு வாய் ஜாஸ்தி என்று வீதியே சொல்லும். சொல்லட்டுமே. இவ்வளவு வாய் இருந்தும் ஒரு பச்சைக் குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போயிற்றே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எதிர்வீட்டுக்காரி நஞ்சம்மா. நிலபுலம் உள்ள வீடு, புருஷன் இல்லை, அதிகாரமெல்லாம் அவள் கையில். மகன் சென்றாயன் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தான். வீட்டில் தாய் வைத்ததுதான் சட்டம் என்று இருக்கிற பிள்ளை. மகள் சென்னம்மாவை மத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகள் சாந்தம்மா மலைமேல் நாட்றாம்பாளையத்துப் பெண். தாய் இல்லாதவள். தாய் இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருப்பாள். போக இடமில்லாமல் மாமியார் கையில் மாட்டிக்கொண்டாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் எல்லா வீட்டிலும் உண்டு. பூண்டு, மிளகு, நெய், சுடச்சுடச் சோறு என்று உடம்பைத் தேற்றுகிற பத்தியம் அது. நஞ்சம்மா வைத்தது பட்டினி. மத்தியானம் மிளகுப்பொடி தூவிய சோறு ஒரு பிடி. பொழுது சாய்ந்தால் சுக்குத் தண்ணீர். தாகம் என்றால் தொண்டை நனைகிற அளவுக்கு வெந்நீர். கேட்டால் அதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

“பெத்த வயிறு பச்சப் புண்ணு. நெறையத் தின்னா ரணம் ஆறுமா? தண்ணியக் குடிச்சா கொழந்தைக்குச் சளி கட்டிக்கும். நானெல்லாம் இப்பிடி இருந்துதான் பெத்து வளத்தேன்.”

இல்லாத வீடா அது? குதிர் நிறைய ராகி. உறியில் நெய். சர்க்கார் ரேஷனை எடுத்துவிட்ட பிறகு அரிசிக்கும் பஞ்சமில்லை. மனசு இல்லை, அவ்வளவுதான். பாவி!

பிரசவ அறை தீட்டு. அங்கே போகிற துணியையும் வருகிற துணியையும் வண்ணாத்தி செல்லி மட்டும்தான் தொடுவாள். நஞ்சம்மா அந்தத் துணி மூட்டைமேல் தன் முந்தானைகூடப் படவிடமாட்டாள். சோற்றைக்கூட வாசற்படியில் வைத்துக் குச்சியால் உள்ளே தள்ளுவாள். ஒரு நாள் செல்லி கடைக்கு வந்து நின்று அழுதாள்.

“அம்மா, அந்தப் புள்ள பசி தாங்காம சேலத் தலப்ப மென்னுக்கினு இருக்குதும்மா. மாருல சொட்டுப் பால் இல்ல. கொழந்த கத்திக் கத்தி சத்தமே அடங்கிப் போச்சு.”

அப்போதே பொரிமாவு, வெல்லம், பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை எல்லாம் பொட்டலம் கட்டி அவளுடைய வெள்ளைத் துணி மூட்டைக்குள் திணித்தேன். ஒரு சொம்புத் தண்ணீரையும் மறைத்து எடுத்துப் போகச் சொன்னேன். தீட்டு மூட்டையை எவள் அவிழ்த்துப் பார்க்கப் போகிறாள்? அன்று முதல் தினமும் போயிற்று. கொஞ்ச நாளில் சாந்தம்மாவுக்குப் பால் பெருகியது. குழந்தை கொழுகொழுவென்று தேறியது.

தீட்டுக் கழித்த அன்று நஞ்சம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினாள். “பாத்தீங்களா எம் பத்தியத்த? ஒரு புடிச் சோத்துல எப்பிடிப் பால் சொரந்துது பாருங்க! கைராசின்னா இது!” என்று ஒரே ஜம்பம். வீதிப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். நானும் செல்லியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் தீட்டு அறையில் திருட்டுத் தீனி தின்றவள் என்று சாந்தம்மாவை வீட்டைவிட்டே துரத்திவிடுவாள். அவளுக்குப் போக்கிடம் ஏது? அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சென்னம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண் குழந்தை. மருமகள் பெற்றபோது முகத்தைச் சுளித்த நஞ்சம்மா, மகள் பெற்றதும் வீதி முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். பெற்ற மகளாயிற்றே, நெய்யும் பூண்டும் போட்டுத் தேற்றுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மருமவளுக்கே அப்பிடி வெச்சு எடுத்தேன். எம் மவளுக்கு இன்னும் கண்டிப்பா வெப்பேன். பாத்துக்கினே இரு சரோஜா, பால் ஆறா ஓடப்போவுது.”

ஐயோ, இந்தப் பைத்தியக்காரி தன் ஜம்பத்தைத் தானே நம்பிவிட்டாளே! அன்று சாயந்திரமே பொட்டலம் கட்டிச் செல்லியைக் கூப்பிட்டேன். அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“என்னிய வர வாணான்னு சொல்லிட்டாங்கம்மா. சாந்தம்மாவே நாத்தனார் துணிய அலசறாங்களாம்.”

வீதியெல்லாம் அதே பேச்சு. தீட்டுத் துணியைத் தன் கையால் அலசுகிறாளாம், அலசிவிட்டுத் தினமும் தலைக்குக் குளிக்கிறாளாம், இப்படி ஒரு மருமகள் எந்த ஊரில் கிடைப்பாள் என்று. நஞ்சம்மா உச்சி குளிர்ந்து போய்ப் பண்டப் பெட்டிச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டாள். நானும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பசி அறிந்தவள், தானே உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சாந்தம்மா கடைக்கு வந்தாள். கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது. பொட்டுக்கடலை வாங்கி அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொண்டாள்.

“நாத்தனாருக்குப் பொரிமாவு எடுத்துக்கினு போறியாடி?” என்றேன் மெதுவாக.

“என்னாத்துக்குக்கா? அத்த பத்தியம் வெச்சிருக்காங்களே.”

“ஏண்டி, அந்தப் பத்தியத்துல நீ என்னா பாடு பட்டேன்னு மறந்து பூட்டியா?”

“மறக்கலக்கா.” இன்னும் ஒரு வாய் கடலையைப் போட்டு நிதானமாக மென்றாள். “அத்த கைராசி ஊருக்கே தெரியும். அதுல நான் குறுக்க வரலாமா?”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் செல்லியை ஏன் நிறுத்தினாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லாவில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். “நம்ம வேலயப் பாரு” என்றார் என் வீட்டுக்காரர். அந்த மனுஷருக்கு எப்போதும் அதே பேச்சுதான்.

எதிர்வீட்டிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னம்மாவுக்குப் பால் இல்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டினார்கள். குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது. சாந்தம்மா வேப்பிலை அரைத்து மாரில் தடவித் தன் பிள்ளைக்கு முன்பே பால் மறக்கடித்திருந்தாள், அவளிடமும் பால் இல்லை. அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் சன்னமாயிற்று. அதற்குமேல் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. செல்லியை இழுத்துக்கொண்டு போய் நஞ்சம்மா வாசலில் நின்றேன்.

“அக்கா, உங்க பத்தியத்துல பால் வரல. போன வருஷம் உங்க மருமவ உசுரு பொழச்சது எங் கடைத் தீனியால. செல்லி மூட்டையில நாந்தான் குடுத்தனுப்புனேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சென்னம்மாவுக்கு வயிறாரச் சோறு போடுங்க. தண்ணி குடுங்க.”

நஞ்சம்மா முகம் கறுத்தது. அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். “ஏய் சாந்தா, இங்க வா! இவ சொல்றது நெசமா?” என்று கத்தினாள்.

சாந்தம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். நடுங்கவில்லை, தலை குனியவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் கை வைத்தாள்.

“எம் புள்ள மேல சத்தியமா, அத்த போட்ட சோத்தத் தவிர அந்த ரூமுல நான் எதையும் வாயில வெக்கல.”

பெற்ற பிள்ளை தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம்! நான் செல்லியை முன்னால் தள்ளினேன். “சொல்லுடி, நீதானே கொண்டுபோய்க் குடுத்தே?” அந்த வீதியில் அவளுக்கு எத்தனை வீட்டுப் பிழைப்பு இருந்ததோ, பாவம். “எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நஞ்சம்மாவுக்கு ரொம்பக் கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். “நோரு முய்யவே!” என்று வாயை மூடச் சொல்லி என்மேல் பாய்ந்தாள். “உங் கடல விக்கலன்னா வேற ஊருக்குப் போய்க் கூவி வில்லு. எம் பொண்ணு பெத்துக் கெடக்கற எடத்துல வந்து யாவாரம் பண்றியா? இனி இந்த வாசப்படி மிதிச்சே, வெளக்குமாறு பிஞ்சுடும்!”

கூடியிருந்தவர்களும் அவளைத்தான் நம்பினார்கள். கடைக்காரி சரக்கு விற்க என்ன வேண்டுமானாலும் சொல்வாள் என்றார்கள். நஞ்சம்மா எல்லோர் முன்னாலும் மருமகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “எம் மானத்தக் காப்பாத்துன, தாயி” என்றாள். கட்டி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை சாந்தம்மா கேட்டிருக்கமாட்டாள். உள்ளே இருந்து சென்னம்மா ஏதோ கூப்பிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரத்துக்குள் குழந்தை போய்விட்டது. சென்றாயன் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். வண்டி வீதி முனை திரும்புவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நஞ்சம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாகப் பழியையும் மகள் தலையில் போட்டாள். “அதே கை, அதே சோறு. அவுளுக்கு ஊறுச்சு, இவுளுக்கு ஊறல. இது ஒடம்பா? பாழும் ஒடம்பு!” பெற்றவள் பேசுகிற பேச்சா அது? கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவள் நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

சில நாள் கழித்து சென்னம்மாவின் புருஷன் மத்தூரிலிருந்து வந்து அவளை அழைத்துப் போனான். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பெண்டாட்டியை எங்கள் கடை ஓரத்தில் நிழலில் நிற்க வைத்துவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். நான் உள்ளே இழுத்து உட்கார வைத்துப் பொரிமாவு பிசைந்து கொடுத்தேன். தலையைக் குனிந்தபடி மளமளவென்று சாப்பிட்டாள்.

“அக்கா, அண்ணி அன்னிக்குப் பண்ண சத்தியம் பொய்தான?” என்று கேட்டாள்.

“பொய்தாண்டி. பச்சப் பொய்.”

“தெரியும்க்கா. துணி எடுக்க உள்ள வர்றப்ப அவங்க வாய் அசைஞ்சுக்கினே இருக்கும். வெல்ல வாசன வரும். ஒரு நாள் காலப் புடிச்சுக் கேட்டேன். எனக்குன்னு கேக்கல அண்ணி, பால் சொரக்கற மட்டுக்கும் ஒரு புடி குடு, புள்ள சாவுதுன்னு கேட்டேன்.”

“என்னா சொன்னா அந்தச் சண்டாளி?”

“புள்ள பெத்தவ தீனிக்கு இப்பிடி அலையலாமான்னு கேட்டாங்க. கேட்டுட்டுச் சிரிச்சாங்க.” கையை நக்கிக்கொண்டே சொன்னாள். “அது மொதல்ல நான் சொன்னது, அக்கா. போன வருஷம் தேரு பாக்க வந்தப்ப அவங்க அந்த ரூமுல கெடந்து எங்கிட்ட ஒரு வாய் சோறு கேட்டாங்க. நான் வாசப்படியில நின்னுக்கினு அப்பிடித்தான் சொன்னேன். நானும் சிரிச்சேன்.”

இவளைத் திட்டுவதா, அவளைத் திட்டுவதா? சிரித்தவர்கள் இரண்டு பேர். மண்ணுக்குள் போனது யாரையும் பார்த்து இன்னும் சிரிக்கக்கூடத் தெரியாத ஒன்று. எனக்குக் கண் பொங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவு எடுத்துத் தண்ணீர் தெளித்து அவள் கையில் வைத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவசரமாக முந்தானையை இழுத்து மார்பை மூடினாள். ரவிக்கை முன்பக்கமெல்லாம் நனைந்து கிடந்தது.

“போதும்க்கா,” என்றாள். “புள்ள போனதும், இனி பத்தியம் யாருக்குன்னு அம்மா வயிறு ரொம்பச் சோறு போட்டாங்க. தண்ணியும் வேணுங்கற மட்டும் குடுத்தாங்க. நேத்திலேந்து பால் நிக்கவே மாட்டேங்குது.”